கப்பற் பதிவில் 'டன்': எடையா, கொள்ளளவா?

முன்னுரை

மலாயாவுக்குத் தமிழர் புலம்பெயர்ந்த வரலாற்றை எழுதுவோர் 'ரஜூலா' என்னும் கப்பலைக் குறிப்பிடாமல் செல்வது அரிது. 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்துப் பல்லாண்டுகள் ஓடியது. அதன் அளவு ஏறத்தாழ 8,500 டன் என்று பதிவேடுகள் கூறுகின்றன. இத்தொகையை எடுத்தாளும்போது '8,500 டன் எடையுள்ள கப்பல்' என்று எழுதிவிடுகிறோம். மாணவர் கட்டுரைகளில் மட்டுமன்றி, நன்கு கற்றோர் எழுத்திலும் இத்தொடர் காணப்படுகின்றது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எழுதியவர்களே.

அத்தொகை எடையைக் குறிப்பதன்று; இடத்தைக் குறிப்பது. கப்பற் பதிவில் ஒரு டன் என்பது 100 கன அடி இடம், அதாவது 2.83 கன மீட்டர். 8,500 பதிவு டன் என்றால் கப்பலின் மூடிய உட்பகுதிகள் ஏறத்தாழ 850,000 கன அடி கொள்ளும் என்பதே பொருள். கப்பலின் எடை முற்றிலும் வேறோர் எண். டைட்டானிக் கப்பலை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அதன் மொத்தப் பதிவு டன் 46,328. நிகரப் பதிவு டன் 21,831. அது மிதக்கும்போது வெளியேற்றிய நீரின் எடையோ 52,310 டன். ஒரே கப்பலுக்கு மூன்று எண்கள். மூன்றுக்கும் பெயர் 'டன்'. இவற்றுள் இறுதியானது ஒன்றே எடை.

இவ்வெண் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது, அக்கணக்கு கப்பலின் உடலையும் அதில் வாழ்ந்தோரையும் எவ்வாறு மாற்றியது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. நீரிணைக் குடியேற்றங்களின் கப்பல்கள் பிரிட்டிஷ் சட்டப்படியே அளக்கப்பட்டன என்பதாலும், அச்சட்டத்தின் வழியிலேயே மலேசியாவின் 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் அமைந்தது என்பதாலும் பிரிட்டிஷ் முறையையே முதன்மையாகக் கொள்கிறோம்.

மிடாவும் கலமும்

'டன்' என்னும் சொல் மிடாவிலிருந்து பிறந்தது. பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது ஏற்றிச் சென்ற கப்பல்களில், மது பெரிய மர மிடாக்களில் அடைக்கப்பட்டது. 252 காலன் கொள்ளும் அம்மிடாவின் பெயரே 'டன்'. ஒரு கப்பல் எத்தனை மிடா கொள்ளும் என்பதே அதன் அளவாயிற்று. மிடாவுக்கு இவ்வளவு என அரசு வரி பெற்றது. மது நிறைந்த மிடாவின் எடை ஏறத்தாழ 2,240 இராத்தல் இருந்தமையால், அதே சொல் பின்னர் எடைக்கும் பெயராயிற்று. ஆகவே, கொள்ளளவே இச்சொல்லின் மூத்த பொருள், எடை இளையது. இன்று நாம் இளையதை மட்டும் அறிந்து மூத்ததை மறந்துவிட்டோம்.

தமிழாசிரியர்களுக்கு இம்மாற்றம் வியப்பளிக்க வேண்டியதில்லை. நம் மொழியில் 'கலம்' என்பது பாத்திரம். 'கலம்' என்பதே மரக்கலமும். 'கலம்' என்பதே பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவும். உள்ளீடற்று, பொருளைக் கொள்ளும் தன்மையுடையது எதுவோ அது கலம். நெல்லை அளந்த கலத்தால் கப்பலையும் அளந்தனர் என்று நாம் இங்குக் கூற வரவில்லை. சொல்லின் பொருட்பரப்பு மட்டுமே நம் கருத்து. மலாய்த் தீவுகளில் பெராகு எனப்படும் பாய்மரப் படகுகளின் அளவைக் கோயான் கணக்கில் குறித்தனர். கோயான் என்பது 800 காந்தாங் அரிசி என முகத்தலளவாகவும், 40 பிக்குல் என எடையளவாகவும் வழங்கியது. மிடா, கோயான் இரண்டிலும் முகத்தலளவும் எடையளவும் ஒன்றோடொன்று கலந்தே நின்றன. அரிசியும் மதுவும் மட்டுமே ஏற்றும்வரை இக்கலப்பினால் தீங்கில்லை. பஞ்சும் இரும்பும் ஒரே கப்பலில் ஏறத் தொடங்கியதும் சிக்கல் எழுந்தது. பஞ்சு சரக்கறையை நிறைத்தும் கப்பலை அமிழ்த்தாது. இரும்போ சரக்கறை பெரிதும் வெறுமையாய் இருக்கையிலேயே கப்பலை அமிழ்த்திவிடும். வரி எதற்கு? இடத்திற்கா, எடைக்கா? சட்டம் இடத்தைத் தேர்ந்தது. எடை பயணந்தோறும் மாறும், இடம் மாறாது. ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதிவிடலாம்.

ஆழத்தை அளக்காத சட்டம்

அளப்பது எளிதாக இருக்கவேண்டும் என்னும் எண்ணமே முதற்பெரும் பிழைக்கு வித்திட்டது. 1773ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தின் விதி பின்வருமாறு: கப்பலின் நீளத்திலிருந்து அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கைக் கழிக்க, எஞ்சியதை அகலத்தால் பெருக்குக, பின்னர் அகலத்தின் பாதியால் பெருக்குக, வந்த தொகையை 94ஆல் வகுக்க. நீள அகலங்கள் அடியில் இருக்கவேண்டும். 1786ஆம் ஆண்டுச் சட்டம் 15 டன்னும் அதற்கு மேலும் உள்ள தளமிட்ட கலங்கள் யாவற்றையும் பதியவேண்டும் என்று கட்டாயமாக்கியபோது, இவ்விதி ஒவ்வொரு கப்பலுடைமையாளரின் வாழ்விலும் நுழைந்தது.

இவ்விதியில் ஆழம் என்னும் அளவே இல்லை என்பதைக் கற்போர் நோக்குக. சரக்கு ஏற்றிய கப்பலின் உள்ளே இறங்கி ஆழம் அளப்பது கடினம். எனவே, ஆழம் அகலத்தில் பாதி இருக்கும் என்று சட்டம் தானே கொண்டுவிட்டது. இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். 100 அடி நீளமும் 25 அடி அகலமும் உடைய கப்பலை எடுத்துக்கொள்வோம். 25இல் ஐந்தில் மூன்று பங்கு 15, எஞ்சுவது 85. அதனை 25ஆலும் 12.5ஆலும் பெருக்கி 94ஆல் வகுத்தால் 282.6 டன் கிடைக்கின்றது. இனி நீளத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் 20 அடியாகக் குறைப்போம். 88ஐ 20ஆலும் 10ஆலும் பெருக்கி 94ஆல் வகுத்தால் 187.2 டன். அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததும் டன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இழந்த இடத்தை மீட்க உடைமையாளர் என்ன செய்வார்? ஆழத்தைக் கூட்டுவார்; அதற்குத்தான் வரியே இல்லையே. 10 அடி ஆழம் இருந்தாலும் 18 அடி ஆழம் இருந்தாலும் பதிவேட்டில் அதே 187.2தான்.

இவ்வாறு குறுகிய, ஆழ்ந்த, பக்கச்சுவர் நெட்டுக்குத்தாக எழுந்த கப்பல்கள் பிரிட்டிஷ் துறைமுகங்களில் பெருகின. அவை மெதுவாகச் சென்றன. காற்றடித்தால் ஆபத்தாகச் சாய்ந்தன. கப்பல் கட்டுவோர் அறியாமையால் இவ்வாறு கட்டவில்லை. கடலுக்கு ஏற்ற வடிவம் எது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அவர்கள் பதிவேட்டுக்கு ஏற்ற வடிவத்தைக் கட்டினார்கள். 1836 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி உள்ளாழத்தையும் கணக்கில் சேர்த்தது. எனினும் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அளக்கச் சொன்னது. அவ்விடங்களில் மட்டும் உடலை ஒடுக்கிப் பிற இடங்களில் பருக்கவைத்தால் போதும் என்பதைத் தச்சர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

மூர்சம் வகுத்த முறை

1849ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் செயலாளராக இருந்தவர் ஜார்ஜ் மூர்சம். அவர் வகுத்த முறையே 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டத்தில் இடம்பெற்றது. நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரும்பகுதியில் அதுவே வழங்கியது. ரஜூலாவின் 8,500 டன்னும் இம்முறையில் வந்த தொகையே.

மூர்சம் முறையின் அடிப்படை எளியது: கப்பலின் உட்பகுதியை உண்மையாகவே அளந்துவிடுவது. அளவையாளர் முதலில் தளத்தின் நீளத்தை அணியம் முதல் அமரம் வரை அளப்பார். நீளம் 50 அடிக்கு மேற்படாவிட்டால் அதனை நான்கு சம பாகங்களாகப் பிரிப்பார்; நீளம் கூடக்கூடப் பாகங்களும் கூடி, மிக நீண்ட கப்பல்களுக்குப் பன்னிரண்டாகும். ஒவ்வொரு பிரிவுப் புள்ளியிலும் கப்பலைக் குறுக்காக அறுத்தால் தோன்றும் முகத்தின் பரப்பைக் காண்பார். அதற்கு அம்முகத்தின் ஆழத்தையும் சம பாகங்களாக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் அகலத்தை அளப்பார். இவ்வளவுகள் யாவும் வங்குகளின் உட்புறத்திலிருந்து, அதாவது சரக்கு உண்மையில் இருக்கக்கூடிய எல்லையிலிருந்து எடுக்கப்படும்.

பின்னர்ச் சிம்ப்சன் விதி வருகின்றது. வளைந்த உருவங்களின் பரப்பையும் கன அளவையும் காண உதவும் இவ்விதியை ஒரு சிறு படகின் கணக்கால் விளக்குவோம். படகின் நீளம் 48 அடி எனக் கொள்வோம். நான்கு பாகமாக்கினால் ஒவ்வொன்றும் 12 அடி. பிரிவுப் புள்ளிகள் ஐந்து. அணியத்திலிருந்து அமரம் வரை ஐந்து முகங்களின் பரப்பு முறையே 4, 70, 96, 74, 10 சதுர அடி என்க. முதலையும் இறுதியையும் ஒன்றாலும், இரண்டாவதையும் நான்காவதையும் நான்காலும், நடுவிலுள்ளதை இரண்டாலும் பெருக்கவேண்டும். 4, 280, 192, 296, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 782. இதனை 12இன் மூன்றில் ஒரு பங்காகிய 4ஆல் பெருக்கினால் 3,128 கன அடி. 100ஆல் வகுத்தால் 31.28 பதிவு டன். ஆழத்தை ஒளிக்க இனி வழியில்லை. வளைவை ஒளிக்கவும் வழியில்லை.

100 என்னும் வகுத்தி எங்கிருந்து வந்தது? அது இயற்கையில் இல்லை. அன்றிருந்த பிரிட்டிஷ் கப்பல்களின் உள்ளளவைக் கூட்டி, அவற்றின் பழைய டன் தொகையால் வகுத்தபோது டன்னுக்கு 98.22 கன அடி கிடைத்தது. அதனை 100 என முழுமையாக்கினர். பழைய வரி வருவாய் குறையவும் கூடாது, கப்பலுடைமையாளர்க்குச் சுமை திடீரென ஏறவும் கூடாது என்பதே நோக்கம். துல்லியமான வடிவியல் முறை ஒன்றின் அடியில், பழைய பிழையான முறையின் சராசரியே அடித்தளமாக இருப்பது எண்ணி நகைக்கத்தக்கது. ஆயினும் ஆட்சி நடப்பது இவ்வாறுதான்.

அளவு முடிந்ததும் அளவையாளர் சான்றிதழ் வழங்குவார். பதிவாளர் கப்பலுக்குரிய எண்ணைக் கொடுப்பார். 1894ஆம் ஆண்டுச் சட்டம், அப்பதிவெண்ணையும் பதிவு டன்னையும் கப்பலின் முதன்மை உத்தரத்தில் நிலையாக வெட்டிப் பொறிக்கவேண்டும் என்று விதித்தது. ஆற்றிலோ கரையோரத்திலோ மட்டும் ஓடும் 15 டன்னுக்கு மேற்படாத படகுகளுக்குப் பதிவு கட்டாயமன்று. கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பதியப்பெறும். காகிதத்தில் உள்ள எண் மரத்திலும் இருக்கவேண்டும்; மரத்தில் உள்ள எண் அழிந்தால் பதிவும் கேள்விக்குரியதாகும்.

கழிவுகளும் திறப்புகளும்

மொத்த டன்னிலிருந்து, வருவாய் ஈட்டாத இடங்களைக் கழித்தால் கிடைப்பது நிகர டன். இயந்திர அறையும் மாலுமிகள் உறைவிடமும் கழிக்கப்பட்டன. துறைமுகக் கட்டணமும் கலங்கரை விளக்கக் கட்டணமும் நிகர டன்னுக்கே விதிக்கப்பட்டமையால், கழிவே உடைமையாளரின் ஆதாயமாயிற்று. உந்துசுழலி கொண்ட நீராவிக் கப்பலில் இயந்திர அறை மொத்தத்தில் 13 விழுக்காட்டுக்கு மேலும் 20 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் 32 விழுக்காடு கழிக்கலாம் என்று சட்டம் கூறியது. 1,000 டன் கப்பலில் 131 டன் அளவுக்கு இயந்திர அறை அமைத்தால் போதும். 320 டன் கழிந்துவிடும். ஆகவே, 13 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய இயந்திர அறைகள் கப்பல் வரைபடங்களில் மலிந்தன. பேரளவில் இயந்திரமே நிறைந்த சில இழுவைப் படகுகளின் நிகர டன் சுழியை எட்டியது. கடலில் மிதக்கிறது, கயிறு கட்டிக் கப்பல்களை இழுக்கிறது. பதிவேட்டில் மட்டும் அப்படகுக்கு அளவே இல்லை!

இதனினும் கொடிது திறப்புகளின் கதை. நிலையாக மூடப்படாத இடம் 'திறந்த இடம்' ஆகும். திறந்த இடத்துக்கு டன் கணக்கில்லை. எனவே, மேல்தளத்தில் நான்கடிக்குக் குறையாத நீளமுடைய ஒரு திறப்பை வைத்து, அதனைத் தளர்வான பலகைகளால் மட்டும் மூடிவைத்தால், அதன்கீழுள்ள தளம் முழுவதும் சட்டத்தின் கண்ணுக்குத் திறந்த வெளியாயிற்று. அங்குச் சரக்கு ஏற்றலாம், கட்டணம் இல்லை. அத்திறப்பை உறுதியாக அடைத்துவிட்டால் கப்பல் பாதுகாப்பாகும். ஆனால் டன் ஏறிவிடும். கடல்நீர் புகக்கூடிய வாயில் ஒன்றைக் கப்பலின் தலையில் வேண்டுமென்றே வைத்திருக்க ஓர் அளவுவிதி ஊக்கமளித்தது என்பது இவ்வரலாற்றின் மிக வேதனையான பகுதி. 1963ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு பரிந்துரைத்த 'டன் குறி' முறையே, திறப்பை அடைத்தும் சலுகையைப் பெற வழி செய்தது.

அளவுவிதி நன்மையும் செய்ய வல்லது என்பதை மாலுமிகளின் உறைவிடம் காட்டுகின்றது. 1867ஆம் ஆண்டுச் சட்டம், மாலுமி ஒருவருக்கு 72 கன அடி இடமும் 12 சதுர அடித் தரையும் இருந்தாலன்றி உறைவிடத்தைக் கழிக்கவியலாது என்றது. கழிவு வேண்டுமா, மாலுமிக்கு இடம் கொடு என்பது இதன் கருத்து. 72 கன அடி என்பது ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி உயரம் கொண்ட ஒரு பெட்டி. அதுவும் அன்று ஒரு முன்னேற்றமே. 1906ஆம் ஆண்டில் இவ்வளவு 120 கன அடியாகவும் 15 சதுர அடியாகவும் உயர்த்தப்பட்டது. அவ்வுயர்வு இலஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளுக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. அவர்களுக்கு 72 கன அடியே நீடித்தது. ஒரே கப்பலில், ஒரே அளவையாளர், ஒரே அளவுகோலால் இரு மனிதர்களுக்கு இரு வேறு கொள்ளளவுகளை எழுதினார். நம் துறையில் இலஸ்கர் வரலாற்றை ஆராய்வோர் கப்பல்களின் டன் சான்றிதழ்களையும் மூல ஆவணங்களாகக் கொள்ளவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

1969ஆம் ஆண்டு உடன்படிக்கை

நாட்டுக்கு நாடு வேறுபட்ட கழிவுகளையும் விலக்குகளையும் ஒழிக்க, 1969 ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் கப்பல் டன் அளவைக்கான பன்னாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. அது 1982 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்களுக்கு 1994 ஜூலை 18 வரை காலம் அளிக்கப்பட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் இதில் இணைந்துள்ளன. பன்னாட்டுப் பயணம் செல்லும், 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கு இது உரியது, போர்க்கப்பல்களுக்கு உரியதன்று.

புதிய முறையில் மூடிய இடங்கள் யாவும் கன மீட்டரில் கணக்கிடப்பெறுகின்றன. மொத்தக் கன அளவின் பத்தடி மடக்கையை 0.02ஆல் பெருக்கி 0.2ஐக் கூட்டினால் ஒரு கெழு கிடைக்கும். அக்கெழுவால் கன அளவைப் பெருக்கினால் மொத்த டன். கன அளவு 1,000 என்றால் மடக்கை 3, கெழு 0.26, மொத்த டன் 260. கன அளவு 10,000 என்றால் கெழு 0.28, மொத்த டன் 2,800. 100,000 என்றால் கெழு 0.30; மொத்த டன் 30,000. கப்பல் பெரிதாகப் பெரிதாகக் கெழுவும் சிறிது வளர்கின்றது. புதிய எண்கள் பழைய எண்களிலிருந்து வெகுதொலைவு விலகிவிடக்கூடாது என்பதற்காகவே மடக்கை சேர்க்கப்பட்டது, மூர்சம் 98.22ஐ நூறாக்கிய அதே மனப்பாங்கு. இவ்வாறு வரும் எண்ணுக்கு அலகே இல்லை என்பது நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. அது கன அடியுமன்று, கன மீட்டருமன்று, எடையுமன்று; வெறும் ஒப்பீட்டெண். 'பதிவு டன்' என்னும் தொடர் இம்முறையில் கைவிடப்பட்டது.

நிகர டன்னுக்குச் சரக்கறைகளின் கன அளவும், கப்பல் நீரில் அமிழும் ஆழத்துக்கும் அதன் முழு ஆழத்துக்கும் உள்ள விகிதமும் கணக்கில் சேரும். எவ்வாறாயினும் அது மொத்த டன்னில் 30 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. சுழியளவு இழுவைப் படகுகளுக்கு இனி இடமில்லை. இச்சூத்திரத்தில் பயணிகளும் இடம்பெறுகின்றனர். எட்டுப் படுக்கைக்கு மேற்படாத அறையில் உள்ள பயணி ஒருவர் ஒன்றாகவும், ஏனைய பயணி பத்தில் ஒன்றாகவும் எண்ணப்படுகின்றார். ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த நம் முன்னோர் இச்சூத்திரத்தில் தலைக்குப் பத்தில் ஒரு பங்காகவே இடம்பெற்றிருப்பர். வருவாயைக் குறிக்கும் கணக்கு என்ற அளவில் அது பொருத்தமானதே. படிப்போர் மனம் ஒரு கணம் நின்றுவிடுகின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வுடன்படிக்கை பழைய ஏய்ப்புகளை அடைத்தது. ஆனால் புதியவை தோன்றின. கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கையின் பெரும்பாலான விதிகள் 500 மொத்த டன் முதலே சரக்குக் கப்பல்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே, ஏறத்தாழ 1,880 கன மீட்டர் உள்ளளவோடு 499 டன் என்று பதிவாகும் கப்பல்கள் கட்டப்படுகின்றன. மேலும், சிங்கப்பூர் உள்ளிட்ட பல துறைமுகங்கள் மொத்த டன்னைக் கொண்டே கட்டணம் கணக்கிடுகின்றன. மொத்த டன்னில் மாலுமி அறைக்குக் கழிவில்லை. ஆகவே அறையைச் சுருக்கினால் ஆதாயம். தளத்தின் மேல் அடுக்கப்படும் கொள்கலன்களோ மூடிய இடத்தில் சேரா. ஆகவே உடலைத் தாழ்வாகக் கட்டி மேலே உயர அடுக்கினாலும் ஆதாயம். 1773ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆழத்துக்கு நேர்ந்ததே இன்று உயரத்துக்கு நேர்கின்றது.

உயிரிழப்புக்கான இழப்பீட்டிலும் இவ்வெண் குறுக்கிடுகின்றது. ஒரு கப்பல் மீன்பிடிப் படகை மோதி மூழ்கடித்ததாகக் கொள்வோம். கப்பலுடைமையாளரின் பொறுப்புக்கு வரம்பு விதிக்கும் உடன்படிக்கையின் 1996ஆம் ஆண்டு நெறிமுறையில், பயணிகளல்லாதோரின் உயிரிழப்புக்கான உச்சவரம்பு கப்பலின் மொத்த டன்னைப் பொறுத்தது. 2,000 டன்னுக்கு மேற்படாத கப்பலுக்கு அது 2 மில்லியன் சிறப்பு எடுப்புரிமை அலகாக இருந்து, 2015 ஜூன் 8 முதல் 3.02 மில்லியனாக உயர்ந்தது. படகில் மூவர் இறந்தாலும் முப்பதின்மர் இறந்தாலும் வரம்பைத் தீர்மானிப்பது மோதிய கப்பலின் கன அளவே. அளவையாளரின் நாடா எங்கெல்லாம் சென்று சேர்கின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சிறு படகுகள்

24 மீட்டருக்குக் குறைந்த படகுகளை ஒவ்வொரு நாடும் தன் விதிப்படி அளக்கின்றது. பெரும்பாலும் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, உடல்வடிவத்துக்கேற்ற ஒரு பின்னத்தால் குறைப்பதே வழக்கம். அமெரிக்காவின் எளிய முறையில் பெருக்குத்தொகையை 100ஆல் வகுத்து, இயந்திரப் படகின் உடலுக்கு 0.67ஆலும் பாய்மரப் படகின் உடலுக்கு 0.50ஆலும் பெருக்குவர். 40 அடி நீளம், 12 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள இரு படகுகளுள் ஒன்று ஏறத்தாழ 19 டன்னாகவும் மற்றொன்று ஏறத்தாழ 14 டன்னாகவும் பதிவாகும். பாய்மரப் படகின் உடல் அடிநோக்கிக் கூர்ந்து செல்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். வளைவுதோறும் நாடா பிடிக்க நேரமில்லாத இடத்தில் பின்னமே அளவையாளராகின்றது.

கலைச்சொல்லும் பழைய ஆவணமும்

மலாய் மொழி இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே காத்துக்கொண்டது. எடை டன் 'தான்'. கப்பற் கொள்ளளவு 'தானான்'. தமிழில் இரண்டையும் 'டன்' என்றே எழுதுவதால் குழப்பம் தொடர்கின்றது. எடையைக் குறிக்குமிடத்து மட்டும் 'டன்' என்று எழுதலாம். பதிவேட்டு எண்ணை 'மொத்தக் கொள்ளளவெண்', 'நிகரக் கொள்ளளவெண்' என வழங்கலாம். கப்பல் ஏற்றவல்ல எடையைச் 'சுமைதிறன்' என்றும், அது வெளியேற்றும் நீரின் எடையைப் 'பெயர்ச்சி எடை' என்றும் கூறலாம். 1969க்கு முந்தைய முறையில் அளக்கப்பட்டவற்றுக்குப் 'பதிவு டன்' என்னும் பழைய தொடரே பொருந்தும். அங்கு டன் என்பதற்கு 100 கன அடி என்னும் திட்டமான பொருள் உண்டு. 'கலவெண்' என்னும் குறுஞ்சொல் எமக்கு உவப்பானதே. ஆயினும் மாணவர் அதனைக் கப்பலின் பதிவெண் என மயங்கக்கூடும் என அஞ்சி விடுத்தோம்.

ஆய்வாளர் கருதவேண்டிய வேறொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பினாங்குக்கு வந்த மரக்கலங்களின் டன் தொகைகளைப் பட்டியலிட்டு, வணிகம் வளர்ந்ததா தேய்ந்ததா என்று முடிவு காண முயல்வோர் உளர். 1830இல் பிரிட்டிஷ் பதிவு பெற்ற கலத்துக்கு 300 டன் என்றிருந்தால் அது அகலத்தின் பாதியை ஆழமாகக் கொண்ட பழைய விதியின் 300. 1840இல் பதியப்பட்டதாயின் அது சில இடங்களில் மட்டும் அளந்த இடைக்கால விதியின் 300. 1860இல் பதியப்பட்டதாயின் அது மூர்சத்தின் 30,000 கன அடி. பதிவு பெறாத கலமாயின் அது துறைமுக எழுத்தர் கண்ணால் மதித்தோ, கோயானிலிருந்து மாற்றியோ எழுதிய 300. இந்நான்கையும் ஒரே நிரலில் கூட்டும்முன், ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்த விதியின் டன் என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ளவேண்டும்.